கைத்தொண்டும் கட்டாய ஊழியமும்



சங்கங்களின் ஆண்டறிக்கையைக் கையில் எடுப்போர்க்கு முதலில் தோன்றுவது நன்கொடையாளர் பட்டியல். இன்னார் இவ்வளவு ரூபாய் என்று வரிசையாக அச்சிட்டிருக்கும். அது வேண்டியதே. பொருள் கொடுத்தவர் பெயரைப் பெற்றவர் மறைத்தல் நன்றியாகாது. ஆயினும், விழாவுக்குப் பந்தற்கால் நட்டுக் கீற்று வேய்ந்தவர் யார், மூன்றிரவு கண்விழித்துக் கணக்கெழுதியவர் யார், ஏழைப் பிள்ளைகளுக்கு மாலைதோறும் பாடஞ் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று அவ்வறிக்கையிலே தேடினால் ஓரிடத்தும் காணக் கிடையாது. பணத்துக்குப் பத்தி உண்டு. கைக்குப் பத்தி இல்லை.

நம் நாட்டுச் சைவப் பெருமக்கள் எழுதிவைத்த அடியார் வரலாறோ இதற்கு நேர்மாறானது. அங்கே பொருள் வழங்கிய செல்வரும் உளர். ஆனால் தாம் பழகிய கைத்தொழிலையே தம் கூட்டத்தார்க்குக் கொடுத்தவர் பலர், அத்தொழிலின் பெயராலேயே போற்றப்படுகின்றனர். அவ்வரலாற்றை நினைவூட்டுதலும், அதனோடு மற்றொன்றை வேறுபடுத்திக் காட்டுதலுமே இக்கட்டுரையின் நோக்கம். அம்மற்றொன்று யாதெனின், கட்டாய ஊழியம். கூலி பெறாத உழைப்பு முழுவதும் தொண்டு அன்று. மனம் உவந்து கொடுப்பது தொண்டு. மறுக்க இயலாமையாற் கொடுப்பது வெட்டி. புறத்தே காண்பார்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அதனாலேயே ஒன்றன் பெயரால் மற்றொன்று நெடுங்காலம் நடந்து வந்தது.

முதலாவது, அடியார் பெயர்கள் தொகுக்கப்பெற்ற வரலாற்றைக் காண்போம். திருவாரூர்க் கோயிலில் தேவாசிரியன் என்னும் மண்டபத்தில் அடியார்கள் திரளாகக் கூடியிருந்தனர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் அவர்களைக் கடந்து இறைவனை வணங்க நேரே உள்ளே சென்றார். அதைக் கண்ட விறன்மிண்டர், அடியாரை வணங்காது செல்லும் வன்றொண்டனும் புறகு, அவனை ஆண்ட இறைவனும் புறகு என்று வெகுண்டு உரைத்தாராம். அதன் பின்னரே சுந்தரர் அடியார் ஒவ்வொருவர்க்கும் தாம் அடியேன் என்று சொல்லித் திருத்தொண்டத்தொகையைப் பாடினார் என்பது பெரியபுராண வரலாறு. கூட்டத்தாரைப் பாராது கடவுளை மட்டும் பார்க்கச் சென்றது குற்றமாயிற்று என்பதை நம்மவர் கருதுக. அத்தொகையில் முதற்கண் நிற்பவர் தில்லைவாழ் அந்தணர். அவர்க்கு அடுத்தபடியாக நிற்பவர் யார்? திருநீலகண்டக் குயவனார். தில்லையிலே கோயிற் பூசை செய்வோர்க்குப் பின் அதே தில்லையிலே சட்டி பானை வனைந்தவர் பெயர் வருகின்றது. இடையே அரசரும் இல்லை, அமைச்சரும் இல்லை.

இத்தொகையை நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக விரித்தார். அவ்விரண்டையும் கொண்டு, 12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், குன்றத்தூர்ச் சேக்கிழார் பெரியபுராணம் இயற்றினார். தனியடியார் 63 பேரும் தொகையடியார் 9 திறத்தாரும் என்பது கணக்கு. அந்நூற்றாண்டிலேயே இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரத்துக் கோயிலில் இவ்வடியார் வரலாறுகள் சிறுசிறு சிற்பங்களாகப் பெயருடன் பொறிக்கப்பெற்றுள்ளன. இவற்றுள் வரும் அற்புதங்கள் யாவும் புராணம் கூறுவன. கல்வெட்டுக் கூறும் செய்திகள் அல்ல. ஆயினும் அக்கால மக்கள் எத்தகைய வாழ்வை உயர்ந்ததென்று போற்றினர் என்பதற்கு இவை நேரான சான்றுகளேயாம்.

இனி, தொழிலையே தொண்டாக்கியோர் சிலரைக் காண்போம்.

திருநீலகண்டர் மண்கலம் வனைந்து விற்று வாழ்ந்தவர். அடியார்க்கு வேண்டும் திருவோட்டை மட்டும் விலையின்றிக் கொடுத்து வந்தார். தொழிலை விட்டுவிட்டுத் தொண்டுக்குச் சென்றாரல்லர். பிழைப்புக்கு விற்றவை பல கலம். அன்புக்குக் கொடுத்தது ஒருவகைக் கலம். இல்லறத்தான் எவனும் செய்யக்கூடிய அளவு இது.

நேச நாயனார் காம்பீலி என்னும் ஊரிற் சாலியர் குலத்துதித்தவர். மனத்தை இறைவன் திருவடிக்கும், வாக்கைத் திருவைந்தெழுத்துக்கும், கையைத் தறிக்கும் உரியனவாக்கினார் என்பது அவர் வரலாறு. உடையும் கீளும் கோவணமும் நெய்து, வந்த அடியார்க்கு அளித்தார். அவர் செய்த பெருஞ்செயல் வேறொன்றும் நூலிற் கூறப்படவில்லை. அதிசயமும் இல்லை, சோதனையும் இல்லை. நாள்தோறும் தறியில் இருந்து நெய்தார், நெய்ததைக் கொடுத்தார், அதனாலேயே அறுபத்து மூவருள் ஒருவரானார்.

தண்டியடிகள் பிறவிக் குருடர். திருவாரூர்த் திருக்குளம் மண்மூடிக் குறுகிக் கிடந்ததை அறிந்து, குழியிலே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நட்டு, இரண்டையும் கயிற்றாற் பிணித்து, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே கூடையில் மண் சுமந்து கரையேற்றினார். 'என்னிடம் சங்கத்துக்குக் கொடுக்க என்ன இருக்கிறது?' என்று கேட்கும் அன்பர்க்கு இவ்வரலாறே விடையாம்.

திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சியில் வண்ணார் குலத்தவர். அடியாரது குறிப்பறிந்து அவர் ஆடையை வெளுத்துக் கொடுத்தலின் அப்பெயர் பெற்றார். குளிர்காலத்தில் ஒரு நாள் மெலிந்த மேனியர் ஒருவர் அழுக்கேறிய கந்தையொன்றுடன் வந்து, பொழுது சாயுமுன் உலர்த்தித் தருவதாயின் கொண்டு போம் என்றார். அவரும் ஏற்றார். ஆடையை வெளுத்து முடித்த வேளையில் மழை பிடித்துக்கொண்டது. மாலையாகியும் விடவில்லை. சொன்ன நேரம் தவறிற்றே, குளிரால் வருந்தும் அடியார்க்குத் தீங்கு செய்தேனே என்று துடித்து, துணி துவைக்கும் கல்லிலே தம் தலையை மோதினார். அப்போது கல்லினின்றும் எழுந்த திருக்கை அவரைத் தடுத்தது என்பது வரலாறு.

இதன்கண் நாம் கொள்ள வேண்டியது தலையை மோதிக்கொள்ளுதல் அன்று. விலைக்கு வெளுக்கும் துணியைக் காட்டிலும் விலையில்லாமல் வெளுக்கும் கந்தைக்கு அவர் மிகுதியான கவலை கொண்டார் என்பதே. நம்மிடையே நடப்பது என்ன? கூலி கொடுப்பவன் வேலை முதலில் முடியும். சங்கத்து வேலை 'தருமத்துக்குச் செய்வதுதானே, ஆகட்டும்' என்று தள்ளிப்போகும். மழை பெய்தது என்று சொல்லிக்கொள்ளத் திருக்குறிப்புத் தொண்டர்க்கு நியாயம் இருந்தது. அந்நியாயத்தை அவர் தமக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

கைத்தொண்டின் மதிப்பை இன்னும் தெளிவாக உணர்த்துவது திருவீழிமிழலையில் நிகழ்ந்ததாகக் கூறும் ஒன்று. நாட்டிலே பஞ்சம். அப்பரும் சம்பந்தரும் அடியார் திரளுடன் அவ்வூரில் தங்கியிருந்தனர். அடியார்க்கு உணவளிக்கும்பொருட்டு இறைவன் நாள்தோறும் இருவர்க்கும் ஒவ்வொரு பொற்காசு அருளினான். அப்பர் பெற்ற காசு வட்டங் கொடாமல் செலவாயிற்று. அவர் மடத்தில் உரிய நேரத்தில் அமுது ஆயிற்று. சம்பந்தர் பெற்ற காசுக்கோ வணிகர் வட்டங் கேட்டனர். அதனை மாற்றிப் பண்டம் வாங்கி வரப் பொழுதாயிற்று. காரணம் யாது? அப்பர் உழவாரப்படை ஏந்திக் கோயில் முற்றங்களிற் புல்லைச் செதுக்கிக் கைத்தொண்டு செய்தவராதலின் அவர் காசுக்கு வாசி இல்லை என்று புராணமே கூறுகின்றது. ஞானப்பால் உண்ட பிள்ளையாரின் காசுக்கும் மேலாகப் புல் செதுக்கிய கையின் காசு செல்லுபடியாயிற்று என்று எழுதச் சேக்கிழார் அஞ்சவில்லை.

இத்தொண்டு அவரவர் குலத்தளவில் நின்றதா என்று கேட்பின், இல்லை என்பதே விடை. நம்முடையது ஒரு குலத்தார் சங்கமாதலின் இதனை மறையாது சொல்லவேண்டும். சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்னும் அந்தணர் இல்லத்தில் சம்பந்தர் தங்கினார். உடன் வந்தவர் யாழ்வல்ல திருநீலகண்டப் பெரும்பாணரும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியாரும். பாணர் அக்காலத்தில் தாழ்த்தி வைக்கப்பட்ட குலத்தவர். அவர்க்கு இரவில் தங்க இடங் கொடுக்குமாறு சம்பந்தர் கேட்க, நக்கர் வீட்டின் நடுவே வேள்வித்தீ வளர்க்கும் வேதிகையின் பக்கத்தில் இடங் கொடுத்தார். அத்தீ வலஞ்சுழித்து மேலும் விளங்கிற்று என்கிறது புராணம். பாணர் தம் யாழைக் கூட்டத்தார்க்குக் கொடுத்தார்; நக்கர் தம் வீட்டைக் கொடுத்தார். கொடுப்பவர் குலத்தையும் பெறுபவர் குலத்தையும் நோக்கின் இரண்டும் நடந்திரா.

இது நிற்க. கூலியில்லா உழைப்பின் மறுபக்கத்தை இனிக் காண்போம்.

கோயிற் காரியம் என்றால் கூலி கேட்கலாகாது என்று சிலர் சொல்வர். முன்னோர் வழக்கம் என்றும் கூறுவர். முன்னோர் வழக்கம் அதுவன்று. முதலாம் இராசராசன் தஞ்சையிற் கட்டி 1010-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய பெருங்கோயிலின் கல்வெட்டுக்களைப் படிப்போர் உண்மை அறிவர். அங்கே தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர்க்குத் தனித்தனி வீடும், ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் ஏற்படுத்தப்பட்டன. அவர்களோடு வாத்தியம் வாசிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர், கன்னார் ஆகியோர்க்கும் பங்கு வகுத்துக் கல்லில் வெட்டினான். காஞ்சியில் வண்ணார் ஒருவர் உவந்து கூலியின்றி வெளுத்ததைப் பாடிய அதே நாட்டில், தஞ்சைக் கோயில் வண்ணார்க்கு நெல் அளந்து கொடுத்தார்கள். இவ்விரண்டுக்கும் முரண் இல்லை. தொண்டு கொடுப்பவன் விருப்பத்தைச் சார்ந்தது. ஊதியம் வேலை வாங்குபவன் கடமையைச் சார்ந்தது. வாங்குபவன் தன் கடமையை மறந்து, எதிரியின் விருப்பத்தைத் தானே நிர்ணயிப்பானாயின் அங்கே தொண்டு மறைந்து வெட்டி தோன்றும்.

வெட்டி என்னும் சொல்லும் பழமையானதே. சோழர் காலக் கல்வெட்டுக்களில் வெட்டி, அமஞ்சி என வருவன குடிகளிடம் கூலியின்றி வாங்கிய கட்டாய வேலையைக் குறிக்கும். நிலங்களுக்கு வரி நீக்கும்போது வெட்டியையும் நீக்கிக் கொடுத்தனர் என்பதிலிருந்தே அது குடிகளுக்கு எத்துணைச் சுமையாயிருந்தது என்பது விளங்கும். இன்று பயனற்ற உழைப்பை 'வெட்டி வேலை' என்று சொல்லுகின்றோம். உழைத்தவனுக்குப் பயன் இல்லாத உழைப்பு என்பது அச்சொல்லிலேயே கிடக்கின்றது.

மதுரைப் புராணமும் இதனை அறியும். வைகை பெருகிக் கரை உடைந்தபோது, அதனை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் மூதாட்டிக்கு ஆள் ஒருவரும் இல்லை. ஆள் இல்லாதவளுக்கும் பங்கு அளந்து விட்டனர். சோமசுந்தரக் கடவுளே கூலியாளாய் வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு மண் சுமந்தார். கடவுளும் கூலி பேசிக்கொண்டே வேலைக்கு வந்தார் என்பதை நம்மவர் கவனிக்க. வேலை செய்யவில்லை என்று அரசன் ஓங்கிய பிரம்படி எல்லா உயிர்கள்மேலும், அடித்த அரசன்மேலும் பட்டதாம். அநாதையிடம் வாங்கும் கட்டாய வேலை ஊர் முழுவதற்கும் அடியாகும் என்பதை இதைவிட நன்றாகச் சொல்லுதல் அரிது.

புராணத்தை விட்டுச் சரித்திரத்துக்கு வருவோம். ஊர் கூடித் தேர் இழுத்தல் நம் நாட்டில் எல்லாரும் அறிந்த பொதுத்தொண்டு. வடத்தைத் தொட்டாலே புண்ணியம் என்று மக்கள் முண்டியடித்து வருவர். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வடத்துக்கு வேறொரு கதை உண்டு. 1817-ஆம் ஆண்டு 7-ஆம் ரெகுலேஷனால் சென்னை மாகாணத்துக் கோயில்களின் மேற்பார்வை கும்பினி அரசாங்கத்தின் ரெவினியூ போர்டுக்கு உரியதாயிற்று. பெருந்தேர்களை இழுப்பதற்குத் தாசில்தார்களும் சேவகர்களும் ஊரூராக ஆள் திரட்டினர். வராதவரை அச்சுறுத்தியும் அடித்தும் கொணர்ந்தனர். உழவு வேலையை விட்டு ஏழைகள் பல மைல் நடந்து வந்து வடம் பிடித்தனர். இதைக் குறித்து முறையீடுகள் எழுந்து, பின்னரே அக்கட்டாயம் ஒழிந்தது. தேர் ஒன்று, தெரு ஒன்று, வடம் ஒன்று. உவந்து பிடித்தவனுக்கு அது திருவடம். பிரம்புக்கு அஞ்சிப் பிடித்தவனுக்கு அது விலங்கு.

ஏரி கால்வாய்களுக்கு ஊரார் கூடிச் செய்து வந்த குடிமராமத்தும் இவ்வாறே மாறிற்று. 1858-ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கமாகச் செய்துவந்த வேலையைச் சட்டத்தால் வற்புறுத்தலாக்கிற்று. இறுதியில், 1950-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, தன் 23-ஆம் பிரிவில் கூலியற்ற கட்டாய வேலையைக் குற்றமென விலக்கிற்று.

கட்டாயம் இவ்வாறு பெருகிய அதே நூற்றாண்டில் உண்மைத் தொண்டும் மறைந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரே (1822-1879) அதற்குச் சான்று. அவர் பெர்சிவல் பாதிரியாரிடம் ஆசிரியராகவும் மொழிபெயர்ப்புத் துணைவராகவும் இருந்தவர். 1847-ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கஞ் செய்யத் தொடங்கி, 1848-இல் அங்குச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிப் பழைய உத்தியோகத்தை விட்டார். அவரிடம் கற்றவர் சிலர் தொடக்கத்திற் சம்பளமின்றியே அங்குக் கற்பித்தனர். பின்னர் அச்சுக்கூடம் அமைத்தார். 1852-இல் பெரியபுராணத்தை யாவரும் வாசித்தறியும்படி வசனமாக அச்சிட்டார். 1864-இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை தாபித்தார். குயவர் தம் சக்கரத்தையும், சாலியர் தம் தறியையும் கூட்டத்தார்க்குக் கொடுத்த கதையை, ஒரு புலவர் தம் கல்வியைக் கூட்டத்தார்க்குக் கொடுத்து அச்சிற் பதித்தார் என்றால், அந்நூலுக்கு அதைவிடப் பொருத்தமான பதிப்பு வேறென்ன?

இனி நம் சங்கத்துக்கு வருவோம். நம்மவருள் இன்று தச்சர் உளர், தையற்காரர் உளர், வைத்தியர் உளர், வக்கீல் உளர், மின்சார வேலை அறிந்தோர் உளர், கணக்கர் உளர். இவர்கள் மாதத்தில் ஒரு நாளைக் கூட்டத்தார்க்குக் கொடுப்பின் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் தலைநிமிரும். அதனை நாம் நாடவேண்டும். நாடும் முறையில் மூன்று நெறிகளைக் கைக்கொள்ளுதல் நலம் என்று தோன்றுகின்றது.

முதலாவது, கேட்டுப் பெறுதல். இல்லை என்று சொல்ல இயலாதவனிடம் கேட்பது கேட்பதாகாது. கடன்பட்டவனையும், நம்மிடம் வேலை பார்ப்பவனையும், பிள்ளைக்குச் சங்கத்து உதவிப்பணம் எதிர்பார்த்து நிற்கும் கைம்பெண்ணையும் 'தொண்டு செய்ய வா' என்று அழைப்போமாயின் நாம் கேட்பது தொண்டன்று, வெட்டியே. விழா நாளில் வசதியுள்ளோர் பந்தியில் மேற்பார்வை பார்க்க, ஏழைகள் மட்டும் எச்சில் இலை எடுப்பது எங்கே நடந்தாலும் அங்கே அடியார் கூட்டம் இல்லை. நாட்கூலியால் வாழ்பவனிடம் வேலை வாங்கினால் அன்றே கூலி கொடுத்துவிடுதல் வேண்டும். அவனாகத் திருப்பிக் கொடுத்தால் அதுவே நன்கொடை.

இரண்டாவது, காலந்தவறாமை. ஏற்றுக்கொண்ட இலவச வேலையைக் கூலி வேலையினும் ஒரு படி மேலாகச் செய்தல் வேண்டும். இயலாதெனின் முன்னரே சொல்லிவிடுதல் இழுக்கன்று.

மூன்றாவது, தொண்டேடு. நன்கொடைப் பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பட்டியல் எழுதுவோம். இன்னார், இன்ன வேலை, இத்தனை நாள் என்று ஆண்டறிக்கையில் அச்சிடுவோம். புகழுக்காக அன்று, கணக்குக்காக. எழுதப்படாத உழைப்பு விரைவில் உரிமையாகக் கருதப்படும். உரிமையாகக் கருதப்பட்டது பின்பு கட்டாயமாகும். வடத்தின் கதை நமக்குக் கற்பிப்பது இதுவே.

நம் குலத்தார்க்கு உதவுதலோடு நம் தொண்டு நின்றுவிடவும் வேண்டா. நம் தெருக்கோடியில் உள்ள கோயிலுக்கு வருவோர் அனைவரும் நம் குலத்தவர் அல்லர். அவர்களுக்கும் நம் கை உரியதே. நீலநக்கர் வீட்டுத் தீ பாணரால் அணைந்துவிடவில்லை.

சுந்தரர் தேவாசிரிய மண்டபத்தைக் கடந்து போனது ஒரு நாள் தவறு. அதை உணர்ந்து அவர் பாடிய பாட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கின்றது. நாமோ ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் நம் மண்டபத்திலிருக்கும் உழைப்பாளரைக் கடந்தே போகின்றோம். வரும் ஆண்டறிக்கையிலாவது பந்தற்கால் நட்டவர் பெயர் முதற்பக்கத்தில் காணப்படுமாக.